வரிக்கு வரி ரசமட்டம்

போன வருடம் ஒரு பாட்டை மிக்ஸ் செய்து, அதாவது தனித்தனியே பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாகக் கலந்து, முடித்த கையோடு, எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த அண்ணனிடம் செஷனை, அந்தப் பாட்டின் வேலைக் கோப்பை, அப்படியே தூக்கிக் கொடுத்தேன். பாராட்டு வாங்கும் நினைப்பில்தான் கொடுத்தேன், அதை மறைப்பானேன். அவர் பாட்டைப் போட்டுக் கேட்கவே இல்லை. மிக்ஸரைத் திறந்தார். குரல் டிராக்கின் ஃபேடரில், அதன் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுவிசையில், அவர் கண் நின்றது.

"இது ஏன்பா மைனஸ் 11.4-ல கிடக்கு?"

"குரல் ரொம்ப சத்தமா வந்துச்சு அண்ணா. அதான் இறக்கினேன்."

"அந்தச் சத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பாடியவர் கத்திப் பாடவில்லை. பதிவான குரலின் உச்சம் ஓரிடத்தில்கூட -10 டெசிபெல்லைத் தாண்டவில்லை (டிஜிட்டலில் பூஜ்யம்தான் கூரை, அதற்குக் கீழே எல்லாம் மைனஸ்). ஆனால் அந்த டிராக்கில் ஒன்பது பிளகின், ஒலியைச் செதுக்கும் குட்டி மென்பொருள்கள், வரிசைகட்டி நின்றன. அண்ணன் அந்த ஒன்பதுக்கும் பின்னால், கடைசியாக, ஒலியை ஏற்றி இறக்க மட்டுமே தெரிந்த ஒரு சாதாரண கெயின் பிளகினைச் செருகி -9.5 என்று வைத்தார். அப்புறம் ஒரு பொத்தானில் பத்தும் ஒன்றாகப் பைபாஸ் ஆகும்படி, அதாவது ஒலி அவற்றைத் தொடாமல் தாண்டிப்போகும்படி, கட்டினார். ஸ்கிரீனை என் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டார்.

"கண்ணை மூடிக்க. ஒண்ணு... ரெண்டு. எது நல்லாருக்கு?"

ஒன்று என்றேன். திரும்பப் போட்டார், வரிசையை மாற்றிப் போட்டார், ஒரு முறை ஏமாற்றுவதற்காக ஒரே ஒலியை இரண்டு தடவை போட்டார் என்று நினைக்கிறேன். நான் மூன்று முறை உறுதியாகத் தேர்ந்தெடுத்தேன். மூன்றுமே பிளகின் எதுவும் இல்லாத வெறும் குரல்.

இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த வேலை அது.

அன்று இரவு செஷனைத் திரும்ப வாங்கி, ஒவ்வொரு பிளகினும் உள்ளே வாங்கியது எவ்வளவு, வெளியே விட்டது எவ்வளவு என்று வட்டிக்கடைக் கணக்குப்போல எழுதிப் பார்த்தேன். முதல் ஈக்யூ (அடி, நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்குவது) 0.8 டெசிபெல் கூட்டியிருந்தது. சத்தமான இடங்களை அமுக்கும் கம்ப்ரெசர், அமுக்கியதைத் தானே ஏற்றித் தரும் ஆட்டோ மேக்கப்பின் புண்ணியத்தில், 3.5. பழைய டேப் ரெக்கார்டரைப் போலச் செய்யும் டேப் எமுலேஷன் 1.3. 'காற்று' சேர்க்கப் போட்ட இரண்டாவது ஈக்யூ 1.1. 'ஸ்' சீறலை அடக்கும் டீ-எஸ்ஸர் ஒன்றுதான் நேர்மையானது, 0.2 குறைத்திருந்தது. ஒலியில் கொஞ்சம் கரகரப்பு ஏற்றும் சாச்சுரேட்டர் 1.6, இரண்டாவது கம்ப்ரெசர் 1, அகலப்படுத்தும் ஏதோ ஒன்று 0.4. கடைசியில், உச்சம் எல்லை தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர், அது சும்மா நின்றது. கூட்டினால் 9.5. அண்ணன் அந்த எண்ணைக் குத்துமதிப்பாக வைக்கவில்லை, மீட்டரைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பது பொதுவான கணக்கு. ஆக, ஒன்பது பிளகினும் சேர்ந்து என் குரல் டிராக்குக்குச் செய்த பெரிய உதவி, அதை இரண்டு மடங்கு சத்தமாக்கியதுதான். அதையும் நான் ஃபேடரில் இறக்கி வைத்திருந்தேன்.

இதில் நான் ஏமாந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பிளகினைப் போட்டதும் ஒலி 1 டெசிபெல் கூடினால், 'சத்தம் கூடியது' என்று காது சொல்வதில்லை. 'நல்லா இருக்கு' என்கிறது. 'முழுசா இருக்கு', 'முன்னாடி வந்துடுச்சு' என்கிறது. 1933-ல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சம ஒலிப்புக் கோடுகள் இதற்கு ஒரு காரணத்தைக் காட்டுகின்றன: மெல்லிய ஒலியில் நம் காது அடிச்சுருதியையும் மேல்சுருதியையும் குறைவாகப் பிடிக்கிறது, சத்தம் ஏற ஏற அவை இரண்டும் எழுந்து வருகின்றன. அதனால் வெறும் வால்யூம் ஏற்றமே ஈக்யூ போட்ட மாதிரி இருக்கும். பிளகின் செய்பவர்களுக்கும் இது தெரியாமலா இருக்கும்? ப்ரீசெட் என்று அவர்களே முன்கூட்டி வைத்துத் தரும் அமைப்பைத் தட்டியவுடன் சத்தம் குறைகிற பிளகினை நான் அதிகம் பார்த்ததில்லை.

கெயின், வால்யூம் இரண்டையும் தமிழில் 'ஒலியளவு' என்று ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம், அதனாலேயே பாதிக் குழப்பம். கெயின் என்பது ஒரு கருவிக்குள் நுழையும்போது எவ்வளவு பலத்தோடு நுழைகிறது என்பது. வால்யூம், எல்லா வேலையும் முடிந்து வெளியே வரும்போது எவ்வளவு என்பது. நான் என் மனதுக்குள் 'மட்டம்' என்றுதான் வைத்திருக்கிறேன். கொத்தனார் சுவர் எழுப்பும்போது ஒவ்வொரு வரிக்கும் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறாரே, அந்த மட்டம். சுவர் முழுக்க எழும்பியபின் மேலே மட்டும் வைத்துப் பார்த்து, 'அட, சாய்ந்திருக்கிறதே' என்று பூச்சில் சரிக்கட்டுவதுதான் நான் -11.4-ல் செய்தது.

சரி, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று இறங்கினால், இரண்டு கட்சி. பிளகினுக்கு நடுவே சிவப்பு விளக்கு எரிந்தாலே ஒலி கெட்டது என்று ஒரு கட்சி. இன்றைய மென்பொருளில் எல்லாம் ஃப்ளோட்டிங் பாயின்ட், எவ்வளவு சிவப்பு எரிந்தாலும் ஒன்றும் ஆகாது என்று மறு கட்சி. இரண்டையும் நம்பாமல் நானே செய்து பார்த்தேன். அரை மணி நேர வேலைதான், நீங்களும் செய்து பார்க்கலாம்.

ஒரு கிட்டார் டிராக்கை நகல் எடுத்தேன். நகலின் போலாரிட்டியைத் திருப்பினேன், அதாவது அலையின் மேட்டைப் பள்ளமாக்கினேன். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் ஒன்றை ஒன்று அழித்துவிடும், பூரண மௌனம். இப்போது முதல் டிராக்கில் மட்டும் ஒரு கெயின் பிளகினில் 40 டெசிபெல் ஏற்றி, அடுத்த பிளகினில் அதே 40 டெசிபெல்லை இறக்கினேன். நடுவில் மீட்டர் பற்றி எரிந்தது, +30-க்கும் மேலே. ஆனால் கூட்டிக் கேட்டால் அதே மௌனம். எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டரின் மீட்டரில் அசைவே இல்லை. அப்புறம் அந்த இரண்டு கெயினுக்கும் நடுவே, டிரைவைக் கடைசிவரை குறைத்து வைத்த ஒரு சாச்சுரேட்டரைச் செருகினேன். மௌனம் உடைந்து, மணலைத் தேய்க்கிற மாதிரி ஒரு பிசிறு கிளம்பியது. கிட்டாரின் பிணம் மாதிரி ஒரு ஒலி. இரண்டு கட்சியும் பாதி சரி.

முதல் சோதனையில் ஒன்றும் கெடாததற்குக் காரணம் எண்களை எழுதும் முறை. 32-பிட் ஃப்ளோட்டில் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்கு, 8 பிட் அடுக்குக்கு, 23 பிட் இலக்கங்களுக்கு. 1985-ல் ஐஈஈஈ என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த தரம் இது. ஒலி ஏறினாலும் இறங்கினாலும் இலக்கங்கள் அப்படியே இருக்க, புள்ளி மட்டும் இடம் மாறுகிறது. மொத்த வீச்சு 1500 டெசிபெல்லுக்கு மேல். இதில் உச்சவரம்பை முட்டுவதற்கு நாம் மெனக்கெட வேண்டும். 24-பிட் முழு எண்ணில் கதை வேறு. ஒரு பிட்டுக்கு 6 டெசிபெல், ஆக மொத்தம் 144. பூஜ்யம்தான் கூரை, அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது, தலை வெட்டுப்படும். புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் பழைய டிடிஎம் கார்டுகளில் பிளகினுக்கும் பிளகினுக்கும் நடுவே ஒலி இப்படி 24-பிட் முழு எண்ணாகத்தான் ஓடியது. சிவப்பு விளக்குப் பயம் அந்தக் காலத்தில் நியாயமானது. கார்டுகள் போய்விட்டன, பயம் மட்டும் வாய்வழியாக வந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அந்தக் கூரை முழுக்கப் போய்விடவில்லை. ஸ்பீக்கருக்குப் போகும் வாசலில் இருக்கிறது, 16 அல்லது 24-பிட்டில் எக்ஸ்போர்ட் செய்யும் இடத்தில் இருக்கிறது. ஒரு முறை டிரம்ஸ் பஸ் (டிரம்ஸ் டிராக்குகள் எல்லாம் சேர்ந்து ஓடும் தடம்) +4 வரை போய்க்கொண்டிருந்த செஷனிலிருந்து அந்தத் தடத்தை மட்டும் தனிக் கோப்பாக, 24-பிட் ஸ்டெம்மாக, எடுத்து ஒருவருக்கு அனுப்பினேன். என் செஷனில் மாஸ்டர் ஃபேடர் இறக்கி இருந்ததால் எனக்கு எல்லாம் சுத்தமாகக் கேட்டது. அவருக்குப் போனது தலை வெட்டிய ஸ்னேர் டிரம். 'இது உங்க ஸ்டைலா?' என்று நாகரிகமாகக் கேட்டார்.

இரண்டாவது சோதனையில் பிசிறு வந்ததுதான் எனக்கு உண்மையான பாடமாக அமைந்தது. பிளகின்கள் இரண்டு ஜாதி. ஈக்யூ, எதிரொலி தரும் டிலே, அறையின் முழக்கம் தரும் சாதாரண ரிவெர்ப், ஒலியை இடம்-வலம் தள்ளும் பேன் இவையெல்லாம் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாதவை. மெல்ல அனுப்பினால் மெல்லத் திருப்பித் தரும், பலமாக அனுப்பினால் பலமாகத் தரும், குணம் மாறாது. கம்ப்ரெசர், மெல்லிய ஒலியை அடைக்கும் கேட், டீ-எஸ்ஸர், லிமிட்டர், சாச்சுரேட்டர், டேப், கிட்டார் ஆம்பைப் போலச் செய்யும் ஆம்ப் சிமுலேட்டர் இவையெல்லாம் மறு ஜாதி. வாசலில் எவ்வளவு பலத்தோடு தட்டுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் இவை கதவு திறக்கும். இவற்றின் முன்னால் மட்டம் மாறினால் ஒலியே மாறிவிடும்.

1176 கம்ப்ரெசரை மாதிரியாக வைத்துச் செய்த பிளகினைத் திறந்து பாருங்கள். 1967-ல் பில் புட்னம் வடிவமைத்த அந்தப் பெட்டியில் த்ரெஷோல்ட் என்ற, எந்த எல்லைக்கு மேல் அமுக்க வேண்டும் என்று குறிக்கும் குமிழே கிடையாது. எல்லை உள்ளே நிலையாக இருக்கிறது, இன்புட் குமிழைத் திருகி ஒலியை அந்த எல்லைமேல் நாம்தான் மோதவிட வேண்டும். முந்தின பிளகினில் 3 டெசிபெல் ஏற்றினால், இங்கே இன்புட் குமிழை 3 டெசிபெல் திருகியதற்குச் சமம். திருகியது நாமென்றே தெரியாமல் திருகுகிறோம், அதுதான் வம்பு.

என் குரல் டிராக்கில் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரு நாள் இரவு முதல் ஈக்யூவில் 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் கம்மென்று இருக்கிறதே என்று 3 டெசிபெல் வெட்டினேன். வெட்டினால் ஒலி இறங்கும், இறங்கியது. கம்ப்ரெசரின் முள் முன்போல ஆடவில்லை, பல்லவியின் மெல்லிய வரிகள் உள்ளே அமுங்கின. கம்ப்ரெசரை இழுத்துச் சரிசெய்தேன். ஆட்டோ மேக்கப் அதற்குத் தகுந்தாற்போல ஒலியை ஏற்றியது. பின்னால் நின்ற டீ-எஸ்ஸர், 'ஸ்' வராத இடத்தில்கூடப் பாய்ந்து 'ச'வையும் 'ஷ'வையும் ஒரே மாதிரி மழுக்க ஆரம்பித்தது. 'ஆசை' என்பது 'ஆதை' மாதிரி கேட்டது. டீ-எஸ்ஸரைத் தளர்த்தினேன். சாச்சுரேட்டர் கரகரத்தது. மணி மூன்று. 250 ஹெர்ட்ஸில் ஒரு வெட்டு, அதற்கு மூன்று பிளகினில் பரிகாரம்.

இப்போதானால், வெட்டியபின் அந்த ஈக்யூவின் அவுட்புட்டிலேயே இறங்கிய அளவை ஏற்றிவிட்டிருப்பேன். பின்னால் நிற்பவர்களுக்குச் சேதியே போயிருக்காது.

இந்த மட்டம் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் எண் -18. எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. பழைய அனலாக் மிக்ஸிங் மேசைகளில், ஒலியின் மட்டத்தை ஆடும் முள்ளால் காட்டும் வி.யூ. மீட்டர் இருக்கும். 1939-ல் பெல் லேப்ஸும் சிபிஎஸ், என்பிசி என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனங்களும் சேர்ந்து கொண்டுவந்த மீட்டர் அது. ஸ்டூடியோவில் அதன் பூஜ்யம் +4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட். மின்சுற்று அந்த மட்டத்தில் நிதானமாக வேலை செய்யும், மேலே இருபது டெசிபெல் போல இடம் இருக்கும். டிஜிட்டலில் பூஜ்யம் என்பது கூரையே. ஆகையால் இரண்டையும் பொருத்துவதற்கு அனலாக்கின் நிதான மட்டத்தைக் கூரைக்கு 18 அல்லது 20 டெசிபெல் கீழே வைத்தார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு யூனியனின் பரிந்துரை -18 என்றது, அமெரிக்கப் பக்கம் -20. பழைய பெட்டிகளைப் போலச் செய்த பிளகின்களில் பெரும்பாலானவை -18 பக்கம் வரும் ஒலிக்கு நிதானமாக நடந்துகொள்ளும்படி அளவு செய்யப்பட்டவை. அவ்வளவுதான் அதன் மகத்துவம். ஈக்யூவுக்கு -18 என்றாலும் ஒன்றுதான், -3 என்றாலும் ஒன்றுதான்.

இதை அரைகுறையாகப் படித்துவிட்டு நான் செய்த கூத்து: எல்லா டிராக்கின் உச்சத்தையும் -18-ல் கொண்டுபோய் வைத்தேன். பேஸ் கிட்டார், ஸ்னேர், ஹை-ஹேட், குரல், எல்லாம் உச்சம் -18. பார்க்க அழகாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உயரவாரியாக நின்ற மாதிரி இருந்தது. டேப் பிளகின் ஸ்னேரை மோந்துகூடப் பார்க்கவில்லை. வி.யூ. முள் முழுதாக ஏறுவதற்கு 300 மில்லிசெகண்ட் எடுக்கும். ஸ்னேர் அடி அதற்குள் முடிந்தே போய்விடும். ஆகவே முள் காட்டுவது உச்சத்தை இல்லை, ஓரளவு சராசரியை. இழுத்து ஒலிக்கும் ஆர்கனிலோ பேஸிலோ உச்சத்துக்கும் முள்ளுக்கும் பெரிய இடைவெளி இருக்காது. ஸ்னேரில் பத்து டெசிபெல்லுக்கு மேல் இருக்கும். நான் உச்சத்தை -18-ல் வைத்ததால், ஸ்னேர் உண்மையில் -30 பக்கம் முனகிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஹை-ஹேட்டுக்கும் முள் பூஜ்யம் காட்டும்வரை ஏற்றலாமா என்றால், அதற்குள் உச்சம் கூரையைப் பிய்த்துவிடும். இப்போது இழுவை ஒலிகளுக்கு முள்ளைப் பார்க்கிறேன், அடி ஒலிகளுக்கு உச்சத்தைப் பார்க்கிறேன்; அது -10, -8 என்று இருந்தாலும் விட்டுவிடுகிறேன். பாக்கி காது.

இந்தக் கூத்துக்குப் பிறகுதான் ஒரு நோட்டுப் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் பெருமைதான். 1000 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை -18-ல் உருவாக்கி, என்னிடம் இருக்கும் பிளகின் ஒவ்வொன்றிலும், திறந்தவுடன் இருக்கும் நிலையில், எந்தக் குமிழையும் தொடாமல் அனுப்பிப் பார்த்தேன். இடது பக்கம் பெயர், வலது பக்கம் வெளியே வந்த எண். மென்பொருளோடு வந்த சாதாரண ஈக்யூக்கள் எல்லாம் -18 என்றே திருப்பித் தந்தன. நான் உயிராக நினைத்திருந்த டேப் பிளகின் -16.7. அந்த 1.3 இங்கேதான் ஒளிந்திருந்தது. காசு கொடுத்து வாங்கிய ஒரு அனலாக் ஈக்யூ, எல்லாக் குமிழும் பூஜ்யத்தில் இருக்கும்போதே -17.6. 'செருகினாலே ஒரு உயிர் வருது' என்று அதைப் பற்றி நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அந்த உயிரின் எடை 0.4 டெசிபெல். ஒரு கன்சோல் எமுலேஷனில் இடதும் வலதும் 0.2 வித்தியாசம், பழைய மேசையின் கோணலையும் சேர்த்தே செய்திருக்கிறார்கள். அதை நான் ரசிக்கிறேன், ஆனால் தெரிந்து ரசிக்கிறேன்.

வேலை செய்யும் முறை இப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. வரிசையின் முதலில் ஒரு கெயின் பிளகின். ஏபில்டனில் யூட்டிலிட்டி, லாஜிக்கில் கெயின், புரோ டூல்ஸில் ட்ரிம், பெயர்தான் வேறு. கியூபேஸ்காரர்களுக்கு மிக்ஸரிலேயே ப்ரீ-கெயின் இருக்கிறது. குரலில் ஒரு வரி -25-லும் அடுத்த வரி -12-லும் கிடந்தால், முதலில் பதிவைத் துண்டு துண்டாக ஏற்றி இறக்கும் கிளிப் கெயினில் வரிக்கு வரி கைவைக்கிறேன். கம்ப்ரெசரிடம் பதின்மூன்று டெசிபெல் பஞ்சாயத்தைக் கொண்டுபோனால் அது கழுத்தை நெரித்துத்தான் தீர்ப்புச் சொல்லும். அப்புறம் ஒவ்வொரு பிளகினையும் போட்டு, வேலை முடித்து, பைபாஸைத் தட்டித் தட்டிச் சத்தம் சமமாகும்வரை அவுட்புட்டைத் திருத்துகிறேன்.

சமம் என்பதை உச்ச மீட்டரில் பார்க்கக் கூடாது, குறிப்பாகக் கம்ப்ரெசரில். கம்ப்ரெசர் உச்சத்தைத்தானே அமுக்குகிறது. உச்சத்தைச் சமமாக்கினால் அமுங்கிய ஒலி பல டெசிபெல் சத்தமாகிவிடும், மறுபடி அதே ஏமாற்று. காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் எல்யூஎஃப்எஸ் மீட்டரில் மூன்று விநாடி சராசரியைப் பார்த்தால் ஓரளவு கிட்ட வரலாம். கடைசி அரை டெசிபெல்லுக்குக் கண்ணை மூடிக்கொள்கிறேன். பைபாஸ் பொத்தானை எண்ணாமல் படபடவென்று பத்துப் பதினைந்து முறை தட்டினால், இப்போது ஆனா ஆஃபா என்பது மறந்துவிடும். அந்த மறதியில் கேட்டுவிட்டு எது பிடிக்கிறது என்று முடிவு செய்கிறேன். சில சமயம் வித்தியாசமே தெரியாது. அப்படியானால் பிளகின் கழன்றது.

ஆட்டோ கெயினை முதலில் அணைத்துவிடுகிறேன். பல கம்ப்ரெசர்களில் அது உள்ளே வரும் ஒலியைக் கேட்பதே இல்லை. த்ரெஷோல்ட் இவ்வளவு, ரேஷியோ (அமுக்கும் விகிதம்) இவ்வளவு, ஆகவே இவ்வளவு ஏற்று என்று மனப்பாடக் கணக்குப் போடுகிறது. உள்ளே பாடகி பாடுகிறாளா, மூச்சு மட்டும் விடுகிறாளா என்று அதற்குத் தெரியாது.

ஒரு சின்ன விநோதம், இதில் நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்: அடி ஒலிகளை வெட்டும் லோ-கட் ஃபில்டர் போட்டால் உச்சம் குறையும் என்றுதான் யாரும் நினைப்போம். சில சமயம் கூடும். ஃபில்டர் ஃபேஸைத் திருப்பும்போது, அதாவது அலைகளை நேரத்தில் கொஞ்சம் நகர்த்தும்போது, முன்பு ஒன்றை ஒன்று சமன்செய்துகொண்டிருந்த அலைகள் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கின்றன. பிளகினைக் குறைசொல்லி மூன்று முறை அழித்து மாட்டியபின்தான் தெரிந்தது, தப்பு அதன்மேல் இல்லை என்று.

பஸ், மாஸ்டர் பக்கம் வந்தால் எளிய கூட்டல் கணக்கு ஒன்று போதும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத, சம மட்டமுள்ள இரண்டு டிராக்கைக் கூட்டினால் 3 டெசிபெல் ஏறும். நான்கானால் 6, எட்டானால் 9, பதினாறானால் 12, முப்பத்திரண்டானால் 15. ஒவ்வொன்றும் தனியே -18-ல் ஒழுங்காக நின்றாலும், முப்பத்திரண்டு சேர்ந்தால் சராசரியே -3. உச்சம் கூரையைத் தாண்டி எங்கேயோ. மாஸ்டரில் ஒரு கம்ப்ரெசர் மாட்டியிருந்தால் அதற்கு மூச்சே விடமுடியாது. இங்கே புதிதாக வருபவர்கள் மாஸ்டர் ஃபேடரை இறக்குவார்கள், நானும் இறக்கியவன்தான். பெரும்பாலான மென்பொருளில் பிளகின்கள் ஃபேடருக்கு முன்னால் இருக்கின்றன. ஃபேடரை இறக்கினால் நசுங்கிய ஒலியே மெதுவாகக் கேட்கும், நசுங்கியது நசுங்கியதுதான். மாஸ்டரின் முதல் இடத்தில் ஒரு கெயின் பிளகின் வைத்து -8 என்றோ என்ன தேவையோ அப்படி இறக்கினால் கம்ப்ரெசருக்கு மூச்சு வரும். முப்பத்திரண்டு ஃபேடரையும் பிடித்து இறக்குவதைவிட இது மேல். ஃபேடர்களை இறக்கினால் ரிவெர்புக்குப் பிரிந்து போகும் ஒலியும் (சென்ட்) கூடவே இறங்கும், ரிவெர்ப் பஸ்ஸில் கம்ப்ரெசர் இருந்தால் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும், மறுபடி மணி மூன்றாகிவிடும்.

பேரலல் கம்ப்ரெஷனையும் (டிராக்கோடு அதன் அமுக்கிய நகலைச் சேர்ப்பது) இதே சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ஒரே டிராக்கின் நகலைக் கூட்டினால் 3 இல்லை, 6 டெசிபெல் வரை ஏறும். 'டிரம்ஸ் உயிர்பெற்று எழுந்தது' என்று யாராவது சொன்னால், எழுந்தது எத்தனை டெசிபெல் என்று முதலில் கேட்கத் தோன்றுகிறது. அப்படிக் கேட்டால் ஆட்கள் கோபித்துக்கொள்கிறார்கள்.

'முதல் கோணல் முற்றும் கோணல்' என்பார்கள். மென்பொருளுக்குள் அது பொய், எத்தனையாவது இடத்தில் கோணினாலும் ஒரு கெயின் பிளகினால் நிமிர்த்திவிடலாம். ஆனால் மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே இருக்கும் இன்டர்ஃபேஸின் கெயின் குமிழில் அந்தப் பழமொழி அப்படியே உண்மை. அங்கே கூரையில் முட்டினால் அலையின் தலை தட்டையாகப் பதிவாகும், பிறகு இறக்கினால் தட்டைத்தலையோடே இறங்கும். 'இறுதி டேக்கில் உணர்ச்சிவசப்பட்டு ஆறு டெசிபெல் கூடுதலாகப் பாடிவிட்டார்' என்பது எல்லாப் பாடகர்களும் செய்வது. ஒத்திகையில் உச்சம் -12 வந்தால் அப்படியே விட்டுவிடுகிறேன். 24-பிட்டில் அந்த 12 டெசிபெல் நமக்கு நஷ்டமே இல்லை; அறையின் மின்விசிறி இரைச்சலும் மைக்கின் சொந்த இரைச்சலும் ஒலியை எண்ணாக்கும் கன்வெர்ட்டரின் இரைச்சலைவிட மிக மேலே இருப்பவை. 'வேவ்ஃபார்ம் ஒல்லியா இருக்கே' என்று பாடியவர் எட்டிப் பார்த்துக் கவலைப்பட்டால், காட்சியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறேன். சந்தோஷப்படுகிறார்கள்.

கிட்டாரை நேராகச் செருகி ஆம்ப் சிமுலேட்டரில் வாசிப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். அந்த முதல் குமிழ், கிட்டாரின் வால்யூம் குமிழ் மாதிரிதான். அங்கே 6 டெசிபெல் தள்ளினால் சுத்த ஒலி கேட்டவர்களுக்குக் கரகரப்பு வரும். நன்றாக இருக்கும் ப்ரீசெட் ஒன்றை நண்பனுக்கு அனுப்பி, அவன் 'ரேடியோ மாதிரி கேக்குதுடா' என்றால், ப்ரீசெட்டைத் திட்டுவதற்கு முன்னால் அவன் எந்த மட்டத்தில் உள்ளே விடுகிறான் என்று கேளுங்கள்.

போன வாரம் அந்தப் பழைய செஷனை மறுபடி திறந்தேன். குரல் டிராக்கில் இப்போது நான்கு பிளகின்தான் ஓடுகின்றன: முதலில் கெயின், ஒரு ஈக்யூ, ஒரு கம்ப்ரெசர், டீ-எஸ்ஸர். ஃபேடர் -1.5-ல் நிற்கிறது. அந்த இடத்தில் சுண்டுவிரலால் தொட்டாலே 0.2 டெசிபெல் நகர்கிறது. முன்பு -11-ல் அதே தொடுதலுக்கு ஒரு டெசிபெல் தாவும், சரணத்தில் குரலை ஓட்டுவதே பெரும்பாடு. மற்றதையெல்லாம் கழற்றிவிட்டேன். டேப் பிளகினை மட்டும் அழிக்க மனசு வரவில்லை. அவுட்புட்டை -1.3-ல் வைத்து, பைபாஸ் செய்து, வரிசையின் கடைசியில் விட்டிருக்கிறேன். அண்ணனிடம் செஷனைத் திரும்ப அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"கேட்டேன்பா. பேஸ் கிட்டார் ஃபேடர் ஏன் மைனஸ் 14-ல கிடக்கு?"